விமானம் அடிபட்டால் யாரிடம், எப்போது, எப்படிச் சொல்வது: அமெரிக்காவில் பறக்கப் பழகுவோருக்கு முழுமையான வழிகாட்டி

ஒரு சனிக்கிழமை மாலை. என் மாணவர் ஒருவர் செஸ்னா 172 என்ற சின்னப் பயிற்சி விமானத்தில் தனியாகப் பறந்துவிட்டு இறங்கினார். வேகம் கொஞ்சம் கூடுதல். மூக்குச் சக்கரம் முதலில் தரையில் பட்டது, விமானம் எகிறியது, மறுபடியும் மூக்கு குத்தியது. எப்படியோ சமாளித்து ஓடுபாதையை விட்டு வெளியே கொண்டுவந்து நிறுத்திவிட்டார். அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. சுற்றிவந்து பார்த்தோம். மூக்குச் சக்கரத்தில் காற்று இறங்கியிருந்தது, வேறெதுவும் கண்ணில் படவில்லை. "டயர்தானே சார்" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். தள்ளிக்கொண்டுபோய் ஹேங்கரில், அதாவது விமானக் கொட்டகையில், விட்டோம்.

திங்கட்கிழமை காலை மெக்கானிக் இன்ஜின் மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துக் காட்டினார். இன்ஜினுக்கும் காக்பிட்டுக்கும் நடுவே ஒரு தகடு நிற்கும், ஃபயர்வால் என்பார்கள். அதன் அடிப்பக்கத்தில், எண்ணெய் டின்னைக் கட்டைவிரலால் அமுக்கினால் விழுவதுபோல ஒரு மடிப்பு. மடிப்பின் ஓரத்தில் பெயின்ட் செதில் செதிலாக உரிந்திருந்தது. இரண்டு ரிவெட்டுகளின் தலை சாய்ந்திருந்தது. அந்த ஒரு மடிப்பால், நாங்கள் 'டயர் பஞ்சர்' என்று நினைத்தது சட்டப்படி 'விமான விபத்து' ஆகிவிட்டது. சனிக்கிழமை மாலையே போயிருக்க வேண்டிய தொலைபேசி அழைப்பு திங்கட்கிழமைதான் போனது.

ஃபுளோரிடா, டெக்சாஸ், அரிசோனா பக்கம் விமானப் பள்ளிகளில் படிக்க நம் ஊரிலிருந்து வரும் பிள்ளைகள் பலர். பாடத்தில் இந்த விதிகள் ஒரு அரைப் பக்கம் வரும், தேர்வுக்காக மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுவோம். நிஜமாக ஒன்று நடக்கும்போது கை நடுங்கும், எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், யாராவது ஒருவர் "எதற்கு வீண் வம்பு" என்பார். அந்த நேரத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். இது அமெரிக்க விதிமுறை. இந்தியாவில் இதைப் பார்ப்பது விமான விபத்து புலனாய்வுப் பணியகம், அங்கே விதிகளும் வேறு. இதை அப்படியே அங்கே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

முதலில், யாரிடம் சொல்கிறோம்?

என்டிஎஸ்பி, அதாவது தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம். 1967-இல் தொடங்கியது. 1975-இலிருந்து போக்குவரத்துத் துறையின் கீழ் இல்லாமல் தனித்து இயங்குகிறது. என்ன நடந்தது, ஏன் நடந்தது, மறுபடி நடக்காமலிருக்க என்ன செய்யலாம் என்று கண்டுபிடிப்பதுதான் அதன் வேலை. உங்கள் லைசென்ஸைப் பிடுங்கும் அதிகாரம் அதற்குக் கிடையாது. அபராதம், இடைநீக்கம் எல்லாம் மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ கையில்.

பயத்துக்குக் காரணமே இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான். ஆனால் ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன்: வாரியத்திடம் சொல்வது எஃப்ஏஏவுக்குத் தெரியாமல் இருக்காது. சிறிய விமான விபத்துகளில் களத்துக்கு வந்து பார்ப்பவர் பெரும்பாலும் எஃப்ஏஏ அதிகாரிதான். சொன்னால் ரகசியமாக இருக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். சொல்லாமல் மறைத்து அது பின்னால் வெளியே வந்தால் நிலைமை பல மடங்கு மோசமாகும் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

இன்னொரு தப்புக் கணக்கும் உண்டு. "கன்ட்ரோல் டவர் பார்த்துவிட்டது, தீயணைப்பு வண்டியும் வந்துவிட்டது, அவர்கள் சொல்லிவிடுவார்கள்." டவர் எஃப்ஏஏவுக்குச் சொல்லும், அது வாரியத்துக்கும் போய்ச் சேரலாம். ஆனாலும் சொல்லவேண்டிய கடமை சட்டப்படி விமானத்தை இயக்குபவருக்குத்தான். இயக்குபவர் என்றால் பைலட் மட்டுமில்லை, பறப்பதற்குக் காரணமானவர் அல்லது அனுமதித்தவர், அதாவது உரிமையாளர், வாடகைக்கு எடுத்தவர், பொறுப்பில் வைத்திருப்பவர் எல்லாரும் அதில் அடக்கம். பள்ளி விமானத்தில் நீங்கள் தனியாகப் பறந்திருந்தால், பள்ளி கூப்பிடும் என்று நீங்களும், மாணவர் கூப்பிட்டிருப்பார் என்று பள்ளியும் இருந்துவிடக் கூடாது. யார் அழைக்கப்போகிறார் என்று வாய்விட்டுப் பேசி முடிவு செய்யுங்கள்.

முதல் படி: ஆட்களும் நெருப்பும்

இதில் யோசிக்க எதுவுமில்லை. ஆட்களை வெளியே எடுங்கள், 911-ஐ அழையுங்கள், எரிபொருளை மூடுங்கள், மாஸ்டர் சுவிட்சை அணையுங்கள். முடிந்தால், அணைக்கும் முன் எந்த சுவிட்ச் எந்த நிலையில் இருந்தது என்று மனதில் பதிய வையுங்கள். முடியாவிட்டால் பரவாயில்லை, உயிர்தான் முக்கியம்.

இரண்டாம் படி: இது விபத்தா, சம்பவமா, ஒன்றுமில்லையா?

பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான். அமெரிக்க மத்திய அரசின் விதிப்புத்தகத்தில் 49-ஆம் தலைப்பில் 830-ஆம் பகுதி என்று சின்னதாக ஒன்று இருக்கிறது. அச்செடுத்தால் சில பக்கம்தான். ஒரு பிரதி எடுத்துப் பறக்கும் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பறக்கும் நோக்கத்தோடு முதல் ஆள் விமானத்தில் ஏறியதிலிருந்து எல்லாரும் இறங்கி முடிக்கும் வரைக்கும் உள்ள நேரத்தில் யாராவது இறந்தாலோ, பலத்த காயம் அடைந்தாலோ, விமானத்துக்குக் கணிசமான சேதம் ஏற்பட்டாலோ அது விபத்து. 'பறக்கும் நோக்கத்தோடு' என்பதைக் கவனியுங்கள். மெக்கானிக் இன்ஜினைச் சோதிக்க ஓட்டிப் பார்க்கும்போது நடந்தால் இந்த வரையறைக்குள் வராது. பயணியை ஏற்றிக்கொண்டு டாக்ஸி செய்கையில், அதாவது தரையில் ஓட்டிச் செல்கையில், புரொப்பெல்லர் வெளியே நின்றவர்மேல் பட்டுப் பலத்த காயமானால் அது விபத்து, விமானம் தரையை விட்டு எழும்பவே இல்லையென்றாலும்.

பலத்த காயம் எது என்பதற்கும் கணக்கு உண்டு. காயம்பட்ட 7 நாளுக்குள் மருத்துவமனையில் சேர்ந்து 48 மணி நேரத்துக்கு மேல் இருக்க நேர்ந்தால். எலும்பு முறிந்தால், ஆனால் விரல்கள், மூக்கு இவற்றின் சாதாரண முறிவு சேராது. கடுமையான ரத்தப்போக்கு, நரம்பு, தசை, தசைநார்ச் சேதம், உள்ளுறுப்பில் அடி. இரண்டாம், மூன்றாம் நிலைத் தீக்காயம், அல்லது உடம்பில் 5 சதவீதத்துக்கு மேல் தீக்காயம். காயம்பட்டவர் 30 நாளுக்குள் இறந்தால் அது உயிர்ச்சேத விபத்தாகக் கணக்கில் போகும். ஆகவே பயணி "கை வலிக்கிறது" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனால் விட்டுவிடாதீர்கள். மறுநாள் கூப்பிட்டு எக்ஸ்ரே எடுத்தாரா என்று கேளுங்கள். மணிக்கட்டில் முறிவு என்று தெரிந்தால் அந்த நிமிடமே அது விபத்து.

கணிசமான சேதம் என்பது இன்னும் நுட்பம். விமானத்தின் கட்டமைப்பு வலிமை, செயல்திறன், பறக்கும் தன்மை இவற்றைப் பாதித்து, சாதாரணமாகப் பெரிய பழுதுபார்ப்போ உதிரிபாகம் மாற்றுவதோ தேவைப்படும் சேதம். எவையெல்லாம் இதில் சேராது என்றும் விதியே சொல்கிறது: ஒரே ஒரு இன்ஜினோடு நின்றுபோன சேதம், வளைந்த மூடிகள், நசுங்கிய மேல்தகடு, சின்ன ஓட்டைகள், தரையில் பட்டு வளைந்த புரொப்பெல்லர், சக்கரம், டயர், பிரேக், ஃபிளாப், லேண்டிங் கியர், இறக்கை நுனி.

இந்தப் பட்டியலைப் படித்ததும் நிம்மதியாகிவிடுவோம். சக்கரம் இறக்க மறந்து வயிற்றால் இறங்கியவர்கள்கூட, புரொப்பெல்லரும் அடித்தகடும் மட்டும் போயிருந்தால், பல சமயம் விபத்துக் கணக்கில் வருவதில்லை. ஆனால் பட்டியலில் உள்ள பாகத்தோடு சேதம் *நின்றுவிட்டதா* என்பதுதான் கேள்வி. இறக்கை நுனி கம்பத்தில் இடித்தால் நுனியோடு போயிற்றா, உள்ளே இறக்கையின் முதுகெலும்பான ஸ்பார் வரைக்கும் அடி போயிற்றா? மூக்குச் சக்கரம் குத்தினால் அதன் விசை எங்கே போய் இறங்கும்? செஸ்னாவில் நேராக ஃபயர்வாலில். அதை வெளியே நின்று பார்த்தால் தெரியாது. எங்களுக்குத் தெரியவில்லை.

விபத்து இல்லையென்றாலும் உடனே சொல்ல வேண்டிய சில சம்பவங்கள் இருக்கின்றன. கட்டுப்பாட்டு அமைப்பு பழுதாவது, பறக்கும்போது தீ, நடுவானில் மோதல், தேவையான பணியாளர் ஒருவர் உடம்பு முடியாமலோ காயத்தாலோ வேலை செய்ய முடியாமல் போவது, புரொப்பெல்லர் இலை முழுவதுமோ ஒரு பகுதியோ பிய்ந்து போவது, காக்பிட் திரைகளில் பாதிக்கு மேல் முற்றிலும் இருண்டுபோவது, மற்றவர் சொத்துக்கு 25,000 டாலருக்கு மேல் சேதம். முள் கருவிகளுக்குப் பதில் மின்னணுத் திரைகள் வைத்த 'கண்ணாடி காக்பிட்' உள்ள பயிற்சி விமானத்தில் பறப்பவர்கள் அந்தத் திரை விஷயத்தை நினைவில் வையுங்கள். ஹெலிகாப்டரின் ரோட்டர் இலையென்றால் தரையில் பட்ட சேதம்கூட, பெரிய பழுதுபார்ப்பு தேவைப்பட்டால், சொல்ல வேண்டியதே. பெரிய விமானங்களுக்கும் ஏர்லைன்களுக்கும் தனியாக இன்னும் சில உண்டு, பயிற்சி மாணவருக்கு அவை இப்போது வேண்டாம். விமானம் வந்துசேர வேண்டிய நேரம் தாண்டியும் வராமல், விபத்தில் சிக்கியிருக்கும் என்று தோன்றினால், அதுவும் உடனே சொல்ல வேண்டியது.

சந்தேகமா? அழையுங்கள். "இது கணக்கில் வருமா என்று தெரியவில்லை" என்று சொல்லியே பேச்சைத் தொடங்கலாம். வராது என்றால் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

மூன்றாம் படி: அழைப்பு

விதியில் மணிக்கணக்கு எதுவுமில்லை. 'உடனடியாக, கிடைக்கும் மிக விரைவான வழியில்' என்றுதான் இருக்கிறது. பத்து நாள் அவகாசம் என்று பலர் சொல்வது பின்னால் வரும் படிவத்துக்கு, அழைப்புக்கு இல்லை. வாரியத்தின் அவசர மையம் இரவும் பகலும் இயங்கும், எண் 844-373-9922. இப்போதே கைபேசியில் சேமித்துவிடுங்கள். அந்த நேரத்தில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

அவர்கள் கேட்பவை முன்கூட்டியே தெரிந்தவைதான். விமானத்தின் வகை, நாடு, பதிவெண். உரிமையாளர், இயக்குபவர், பைலட் பெயர். தேதி, நேரம். எங்கிருந்து கிளம்பி எங்கே போனது. இப்போது எங்கே கிடக்கிறது. சுலபமாக அடையாளம் காணும் ஓர் இடத்தை வைத்துச் சொல்லுங்கள். எத்தனை பேர், யாருக்கு என்ன காயம். என்ன நடந்தது, வானிலை எப்படி, தெரிந்தவரை என்ன சேதம். வெடிபொருள், கதிரியக்கப் பொருள் மாதிரி ஆபத்தான சரக்கு ஏதாவது இருந்ததா.

அழைக்கும் முன் இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நேரம் எழுதும்போது உள்ளூர் நேரமா, உலகப் பொது நேரமான யூடிசியா என்று பக்கத்திலேயே குறியுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். நம் பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம், அதிகாரி கேட்டால் பதில் இல்லாமல் நிற்பது மரியாதைக் குறைவு என்று நினைத்து ஏதாவது சொல்லிவிடுவது. "எவ்வளவு உயரத்தில் இருந்தீர்கள்?" என்றால் யோசிக்காமல் "500 அடி" என்பது. அது யூகமென்றால் யூகம் என்று சொல்லுங்கள், அல்லது நினைவில்லை என்று சொல்லுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

நான்காம் படி: தொடாதீர்கள்

இந்தப் படியைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. தடயம் நமக்காகக் காத்திருக்காது.

2017 ஜூலை 7 இரவு, சான் பிரான்சிஸ்கோவில் இறங்க வந்த ஏர் கனடா 759, ஓடுபாதைக்குப் பதிலாக, விமானங்கள் தரையில் ஊர்ந்துபோகும் பக்கத்துப் பாதையான டாக்ஸிவேயை நோக்கி வந்தது. அங்கே நான்கு விமானங்கள் புறப்படக் காத்து நின்றன. கடைசி நேரத்தில் எழும்பியது. தரையிலிருந்து சுமார் 60 அடி வரைக்கும் கீழே வந்திருந்தது. இடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை. ஆனால் காக்பிட்டில் அந்த நிமிடங்களில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது இனி யாருக்கும் கேட்காது. அந்த விமானத்தின் குரல் பதிவுக் கருவி கடைசி இரண்டு மணி நேரத்தைத்தான் பிடித்துவைத்திருந்தது. விஷயத்தின் தீவிரம் நிறுவனத்தின் மேலதிகாரிகளுக்குத் தெரியவரும் முன்பே அந்த விமானம் மறுநாள் காலை அடுத்த பயணம் போய்விட்டது. பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிட்டது.

2024 ஜனவரி 5-ஆம் தேதி அலாஸ்கா ஏர்லைன்ஸ் 1282-இல் கதவடைப்புப் பலகை, அதாவது பயன்படுத்தாத கதவின் இடத்தை அடைத்திருந்த பலகை, பறந்துபோனபோதும் இதே கதை. விமானம் பத்திரமாகப் போர்ட்லாந்து திரும்பியது. ஆனால் பதிவுக் கருவியை நிறுத்தும் சர்க்யூட் பிரேக்கரை உரிய நேரத்தில் இழுக்காததால் குரல் பதிவு முழுவதும் அழிந்தது. அதே சம்பவத்தில், பிய்ந்து விழுந்த பலகை ஒரு பள்ளி ஆசிரியரின் வீட்டுத் தோட்டத்தில் கிடந்தது. அவர் படமெடுத்து வாரியத்துக்கு அனுப்பினார். பொதுமக்களும் பயனுள்ள தகவல் தர முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

உங்கள் சின்ன விமானத்தில் குரல் பதிவுக் கருவி இருக்காது. ஆனால் ஜிபிஎஸ், இன்ஜின் மானிட்டர், மெமரி கார்டு, டேப்லெட், உங்கள் கைபேசி எல்லாம் இருக்கும். எதையும் "வேலை செய்கிறதா பார்ப்போம்" என்று போட்டுப் பார்க்காதீர்கள்.

சிதைவையும் சரக்கையும் பதிவுகளையும் பாதுகாப்பது இயக்குபவரின் பொறுப்பு. வாரியம் பொறுப்பேற்கும் வரை அல்லது எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லும் வரை நகர்த்தக் கூடாது. விதிவிலக்கு மூன்றுதான்: காயம்பட்டவர்களையோ சிக்கியவர்களையோ மீட்க, சிதைவு மேலும் கெடாமல் காக்க, பொதுமக்களுக்கு அடிபடாமல் காக்க. ஒரே ஓடுபாதை உள்ள விமான நிலையத்தில் நடுவில் கிடந்தால் மேலாளர் அவசரப்படுத்துவார், அது நியாயம்தான். அவரிடம் "வாரியத்தோடு பேசிக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்லி, அழைப்பிலேயே நகர்த்த அனுமதி கேளுங்கள்.

நகர்த்தும் முன், அசல் நிலையைப் படமெடுங்கள், வரைந்து வையுங்கள், குறிப்பெழுதுங்கள். இதையும் விதியே கேட்கிறது. தூரத்திலிருந்து நான்கு பக்கமும், அப்புறம் நெருங்கி: ஓடுபாதையில் டயர் தடம், புரொப்பெல்லர் வெட்டிய கோடுகள், எரிபொருள் தேர்வுக் குமிழ், மிக்ஸ்சர், ஃபிளாப் நெம்புகோல், ட்ரிம், சாவி எந்த நிலையில் இருக்கிறது. நாங்கள் அந்தச் சனிக்கிழமை தள்ளிக்கொண்டு போனபோது, ஓடுபாதையில் விழுந்த தடத்தை ஒருவரும் படமெடுக்கவில்லை. ஞாயிறு இரவு மழை பெய்தது.

காகிதங்களும் அப்படித்தான். விமானத்தை எடுக்கும்போது பள்ளியில் எழுதும் அன்றைய அனுப்புதல் தாள், எடைக் கணக்கு, பராமரிப்பு லாக்புக், மாணவரின் லாக்புக், வானிலை அச்செடுத்தது எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டு ஒருவர் பொறுப்பில் வையுங்கள். விட்டுப்போன பழைய பதிவை இப்போது நிரப்பிவிடலாம் என்று பேனாவை எடுக்காதீர்கள். அதைப்போல நம்பிக்கையைக் கெடுப்பது வேறில்லை.

ஐந்தாம் படி: படிவம்

விபத்து என்றால் 10 நாளுக்குள் 6120.1 என்ற படிவத்தை நிரப்பி அனுப்ப வேண்டும். காணாமல்போன விமானம் 7 நாளாகியும் கிடைக்காவிட்டாலும் இதே படிவம்தான். விபத்து அல்லாத சம்பவத்துக்கு, அவர்கள் கேட்டால் மட்டும் அனுப்பினால் போதும்.

பெரும்பகுதி சாதாரண விவரம்: மொத்தப் பறப்பு மணிகள், அந்த வகை விமானத்தில் எத்தனை, சமீப நாட்களில் எத்தனை, மருத்துவச் சான்று, எரிபொருள், வானிலை. லாக்புக்கைப் பார்த்து நிரப்புங்கள், நினைவிலிருந்து வேண்டாம்.

மனதைப் போட்டு எழுத வேண்டியது நடந்ததைச் சொல்லும் பகுதி. பணியாளர் ஒவ்வொருவரும், உடல்நிலை இடம்கொடுத்தால், தனக்குத் தெரிந்தபடி நடந்ததை எழுதி இணைக்க வேண்டும். மருத்துவமனையில் இருந்தால் தேறியதும் கொடுக்கலாம். நடந்த அன்றே ஒரு தடவை உங்களுக்காக எழுதிவையுங்கள், தமிழிலேயே எழுதினாலும் சரி. நினைவு ஒரு வாரத்தில் மற்றவர் சொன்னதோடு கலந்துவிடும். பார்த்தது, கேட்டது, செய்தது என்ற வரிசையில் எழுதுங்கள். "காற்று திடீரென்று அடித்ததால்" என்று காரணத்தை நீங்களே முடிவு செய்யாமல், "இடது இறக்கை மேலே எழும்பியது, வலது ரடரை (வால் சுக்கானின் மிதியை) அழுத்தினேன்" என்று எழுதுங்கள்.

வழக்கறிஞரையோ காப்பீட்டு நிறுவனத்தையோ கலந்து பேசுவதில் தவறே இல்லை. நேர்காணலுக்குக் கூப்பிட்டால் துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஆங்கிலத்தில் பேசத் தயக்கமுள்ள மாணவர்கள் இதைக் கட்டாயம் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

படிவத்தில் ஒரு பெட்டி உண்டு: இது எப்படித் தவிர்க்கப்பட்டிருக்கலாம் என்று கேட்கும். பலர் காலியாக விட்டுவிடுகிறார்கள். என் கண்ணில் அதுதான் முழுப் படிவத்திலும் மதிப்புள்ள இடம்.

நாசாவுக்கு அனுப்பும் படிவம் வேறு

நாசா 1976-இலிருந்து நடத்தும் பாதுகாப்பு அறிக்கைத் திட்டம் ஒன்று இருக்கிறது. தெரியாமல் விதி மீறியதை 10 நாளுக்குள் எழுதி அனுப்பினால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு எஃப்ஏஏ தண்டனையிலிருந்து பாதுகாப்பு கிடைக்கும். அருமையான திட்டம். ஆனால் விபத்துக்கும் குற்றத்துக்கும் அந்தப் பாதுகாப்பு கிடையாது, அது வாரியத்துக்கான அழைப்புக்கு மாற்றும் ஆகாது. இரண்டும் 10 நாள் என்பதால் பிள்ளைகள் குழப்பிக்கொள்கிறார்கள்.

அந்தத் திட்டம் பிறந்த கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1974 டிசம்பர் 1, வாஷிங்டனுக்கு அருகே டல்லஸ் விமான நிலையத்தில் இறங்க வந்த டிடபிள்யூஏ 514, வர்ஜீனியாவில் மலைமேல் மோதி 92 பேரும் இறந்தார்கள். இறங்கும் அனுமதியை விமானிகள் தப்பாகப் புரிந்துகொண்டு சீக்கிரமே கீழே வந்துவிட்டார்கள். சுமார் ஆறு வாரம் முன்பு யுனைடெட் விமானம் ஒன்று அதே தவறைச் செய்து மயிரிழையில் தப்பியிருந்தது. அந்த விமானிகள் தங்கள் நிறுவனத்தில் சொன்னார்கள், நிறுவனமும் தன் விமானிகளை எச்சரித்தது. டிடபிள்யூஏ விமானிகளுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. இப்படிப்பட்ட செய்தி எல்லாருக்கும் போய்ச் சேர வேண்டும் என்றுதான் அந்தத் திட்டம் வந்தது. "எதற்கு வீண் வம்பு" என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த 92 பேர்தான் நினைவுக்கு வருவார்கள்.

அப்புறம் என்ன நடக்கும்

முதற்கட்ட அறிக்கை சில வாரங்களில் வரும். இறுதி அறிக்கைக்கு ஒன்றிரண்டு வருடம் ஆகலாம், பொறுமை வேண்டும். நடுவில் தொலைபேசி வரும், கூடுதல் ஆவணம் கேட்பார்கள். இறுதியில் வெளியாகும் 'சாத்தியமான காரணம்' பொதுவில் கிடைக்கும், யார் வேண்டுமானாலும் தேடிப் படிக்கலாம். ஒரு மாணவர் பயிற்சியில் சேரும்போதே, தான் பறக்கப்போகும் விமான வகையின் பழைய அறிக்கைகளில் பத்து படிக்கச் சொல்வது என் வழக்கம்.

எங்கள் விஷயத்துக்கு வருகிறேன். தாமதமாக அழைத்ததற்குக் காரணத்தை மறைக்காமல் சொன்னோம்: மூடியைக் கழற்றிப் பார்க்காததால் தெரியவில்லை. மறுமுனையில் இருந்தவர் குரலை உயர்த்தவில்லை, விமானம் இப்போது எங்கே இருக்கிறது, வேறு யார் தொட்டார்கள் என்று மட்டும் கேட்டார். மாணவர் எட்டாம் நாள் படிவம் அனுப்பினார். "வேகம் 65 நாட் (knots) இருக்க வேண்டிய இடத்தில் 75-இல் வந்தேன். எகிறியதும் மறுபடி எழும்பிப் போகலாம் என்று எனக்குத் தோன்றவில்லை" என்று எழுதியிருந்தார். எப்படித் தவிர்த்திருக்கலாம் என்று கேட்கும் அந்தப் பெட்டியில் என்ன எழுதுவது என்று என்னைக் கேட்டார். மூக்குச் சக்கரம் முதலில் பட்டு எகிறிய எந்த விமானத்தையும், டயர் மட்டுமே போனதுபோல் தெரிந்தாலும், இன்ஜின் மூடியைக் கழற்றி ஃபயர்வாலைப் பார்க்காமல் நகர்த்தக் கூடாது என்று எழுதச் சொன்னேன். இப்போது ஹேங்கர் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பட்டியலில் அது மூன்றாவது வரி, அதற்குக் கீழே அந்தத் தொலைபேசி எண்.